சுபேதார் மேஜர் பால்ச்சாமியும் சக்கரத்தடியில் இருந்த கல்லும்

சாவுச் செய்தி எனக்குப் பெரும்பாலும் வேலையாகத்தான் வந்து சேரும். போடிப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகையோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் கணினியில் செய்து கொடுப்பேன். அன்று காலை கடையைத் திறந்து வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஜீப் ஸ்டாண்டுச் செயலாளர் குமரேசன் வந்து நின்றார். கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, "பாய், ஒரு போஸ்டரு வெரசா வேணும். படம் இதுல இருக்கு" என்றார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுபேதார் மேஜர் பால்ச்சாமி தன் ஜீப்பின் முகப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, படம் எடுத்தவனை முறைத்தபடி நின்றிருந்தார்.

"எப்ப?" என்று கேட்டேன்.

"விடியக்காலைல. தேனி ஆசுபத்திரியிலேயே முடிஞ்சு போச்சு. அவரு வீட்டு மதினி இப்பத்தான் போன் போட்டுச்சு."

நான் துடைப்பத்தை வைத்துவிட்டுக் கணினியைப் போட்டேன். எனக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. குமரேசன் பின்னால் நின்று வாசகம் சொன்னார். "மேல பெருசா, கேப்டன் பால்ச்சாமின்னு போடுங்க." என் விரல் நின்றுவிட்டது. அவர் கேப்டன் இல்லை, சுபேதார் மேஜர் என்றேன். "ஊரே அப்படித்தான் கூப்புடுது. செத்த பெறகாவது போடுங்களேன் பாய்" என்றார். நான் சுபேதார் மேஜர் என்றே அடித்தேன். குமரேசன் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அவர் ஏன் கேப்டன் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். காரணம் நான். இந்த விஷயத்தை ஓர் ஆளிடம் சொல்லிவிடும்படி அவரே என்னிடம் கேட்டுக்கொண்டார். அவர் உயிரோடு இருந்தவரை நான் சொல்லவில்லை. நம் முன்னாள் படைவீரர் சங்க மலருக்கு அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னபோது, நல்ல குணங்களை வரிசைப்படுத்தி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி எழுதினால் அவரே எழுந்து வந்து அடித்துத் திருத்துவார்.

அவருக்கு ஊர் தேவாரம் அடிவாரம். எனக்குப் போடி. சந்தித்துக்கொண்டது இரண்டுக்கும் வெகு தூரத்தில், வடக்கே ஒரு மலையூரில் இருந்த எங்கள் பட்டாலியனில். நான் கிளார்க்காகப் போய்ச் சேர்ந்த அன்று என் தாள்களைப் பார்த்துவிட்டு, "போடியா? நல்ல ஊரு. அது ஊருல. இங்க நீ கிளார்க்கு, நான் சுபேதார் மேஜர்" என்றார். பணி நேரத்தில் என்னோடு தமிழில் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஊர்க்காரனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். பணி முடிந்து தொப்பியைக் கழற்றியதும் "மாப்ளே, வீட்லருந்து காயிதம் வந்துச்சா?" என்பார். அந்தத் தொப்பி இருந்தால் இந்தி, இல்லாவிட்டால் மாப்ளே.

படையில் இல்லாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். சிப்பாயாகச் சேர்ந்தவர் ஒரு பட்டாலியனில் ஏறக்கூடிய கடைசிப் படி சுபேதார் மேஜர். கர்னல்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருவராக வந்து போவார்கள். வழிமுறை, சடங்கு, யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் சுபேதார் மேஜர் தலையில்தான் விழும். மேலதிகாரிகளைப் போல அவரையும் 'சாப்' என்றுதான் கூப்பிடுவோம். அப்படிப்பட்டவர் ஓய்வு பெறும்போது, கர்னல் பரிந்துரைத்தால், கௌரவ கேப்டன் பட்டம் கிடைக்கலாம். வாழ்நாள் முழுக்கப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம். எங்கள் பக்கம் அப்படி ஒருவர் ஆகிவிட்டால் கோயில் திருவிழா அழைப்பிதழில் அவர் பெயர் மேலே ஏறிவிடும்.

பால்ச்சாமிக்கான பரிந்துரையை நான்தான் தட்டச்சு செய்தேன். பழைய கர்னலுக்கு அதில் முழுச் சம்மதம். ஆனால் அதை அனுப்ப வேண்டிய நாள் அவர் பொறுப்பை ஒப்படைத்த பிறகுதான் வந்தது. நாற்காலியில் அன்று யார் இருக்கிறாரோ அவர்தான் கையெழுத்திட வேண்டும். "புதுக் கர்னல் வந்ததும் மொதக் கையெழுத்து ஒங்களுக்குத்தான் சாப்" என்று அவரிடம் சொன்னேன். "ஒன் வேலையைப் பாரு" என்றார். ஆனால் அன்று சாயங்காலம் இரண்டு தடவை என் அறைப் பக்கம் வந்து போனார். அவருக்கு அது வேண்டியிருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கர்னல்கள் பொறுப்பு மாறும் சடங்கு பார்க்க அழகாக இருக்கும். பழையவர் எல்லாப் படைவீரர்களையும் உட்காரவைத்துப் பேசுவார். பிறகு இருவரும் அலுவலகத்தில் தாளில் கையெழுத்திட்டு, ஒரு சிறிய கைத்தடியை ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கிக்கொள்வார். அத்தோடு முடியாது. பழைய கர்னலைத் திறந்த ஜீப்பில் நிற்கவைத்து, எஞ்சினைப் போடாமல், அதிகாரிகளும் வீரர்களும் கயிறு கட்டி முகாம் வாசல்வரை இழுத்துக்கொண்டு போவார்கள். தேர் இழுக்கிற மாதிரிதான். பேண்டு வாசிப்பார்கள், பூப்போடுவார்கள், கல் மனசுக்காரர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பால்ச்சாமி இதற்கு மூன்று நாள் ஒத்திகை வைத்தார். கர்னலின் இடத்தில் நிற்பவர் எடை குறைந்துவிடக் கூடாது என்று சமையல்கூடத்தின் தலைமைச் சமையல்காரரை ஜீப்பில் ஏற்றினார். அவர் கர்னலைப்போல் ஒன்றரை மடங்கு இருப்பார். சமையல்காரர் கையை நெற்றியில் வைத்து சல்யூட் அடித்தபடி சரிவில் இறங்கிப் போவதைப் பார்த்து ஒத்திகையில் எல்லோரும் சிரித்தார்கள். பால்ச்சாமி சிரிக்கவில்லை. "இன்னைக்கே சிரிச்சுக்கங்க. அன்னைக்கு ஒருத்தன் பல்லு தெரியக் கூடாது" என்றார்.

ஜீப் ஓட்டுநர் ஜோசப், எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பூப்பாறைக்காரர். விழா அன்று காலை பூ அலங்காரம் முடிந்த ஜீப்பை அதிகாரிகள் உணவகத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கிருந்து வாசல்வரை பாதை சரிவு. ஜோசப் சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார். நேரம் நெருங்கியதும் அதை எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அந்த இரண்டு நிமிடத்தில் நான் ஒரு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். சரிவில் ஒரு ஜீப். உள்ளே ஆள் இல்லை. சக்கரத்தடியில் கல் இல்லை.

போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்கி வளர்ந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. எங்கள் அப்பா எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டியவர். கை பிரேக்கை நம்பி எங்கள் ஊரில் யாரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. நான் யோசிக்கவில்லை. கையே குனிந்தது என்றுதான் சொல்லவேண்டும். பெரிய கல் ஒன்றைச் சக்கரத்துக்கு முன்னால் உருட்டி, ஒரு சின்னக் கல்லை அதன் அடியில் செருகி, காலால் ஒரு மிதி மிதித்துவிட்டு என் வழியே போய்விட்டேன். மேலிருந்து தொங்கிய செவ்வந்தி மாலைகள் கல்லை மூடிக்கொண்டன.

பழைய கர்னல் ஏறி நின்றார். நாற்பது பேர் கயிற்றைப் பிடித்தார்கள். புதிய கர்னல், மரியாதைக்காகத் தானும் முன்வரிசையில் பிடித்துக்கொண்டார். பேண்டு ஆரம்பித்தது, எல்லோரும் இழுத்தார்கள், ஜீப் அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்கள். ஒரு பக்கத்துக் கயிறு கொக்கியிலிருந்து உருவிக்கொண்டது. முன்வரிசை மொத்தமும் மண்ணில் உட்கார்ந்தது, நடுவில் புதிய கர்னல். அடுத்த நொடி ஜீப் கல்லின்மேல் ஏறிக் குதித்து, பழைய கர்னலும் தொப்பென்று இருக்கையில் உட்கார்ந்தார். அவர் நல்ல மனிதர். "என்னைப் போகவிட மனசு வரவில்லை போலிருக்கிறது" என்று சிரித்துச் சமாளித்தார். புதியவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எண்ணூறு பேருக்கு முன்னால் பதவியேற்ற முதல் மணி நேரத்தில் பூவும் மண்ணுமாக எழுந்து நின்ற ஒருவருக்குச் சிரிப்பு வராததில் தப்பு ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானமே விசாரணை. அலுவலகத்தில் மேசைமேல் ஒரு தாளை விரித்து அந்த இரண்டு கற்களையும் வைத்திருந்தார்கள். ஜோசப் விறைப்பாக நின்றார். நான் ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சிவப்பு மையில் ஒரு பதிவு விழுந்தால் ஜோசப்புக்குப் பதவி உயர்வுக்கான அடுத்த பட்டை கிடைக்காது, அப்படியே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். "நான்தான் வைத்திருப்பேன் சாப். எடுத்தேனா இல்லையா என்று நினைவில்லை" என்றார். நான் அந்த வரியையும் எழுதினேன். எனக்கும் ஹவில்தார் பட்டை வரவேண்டிய நேரம். பயந்தேன். வேறு நல்ல வார்த்தை அதற்குக் கிடையாது.

அப்போது பால்ச்சாமி ஓர் அடி முன்னால் வந்தார். இந்தியில் அவர் சொன்னது எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது, எழுதியவன் நான்தானே. "கல் வைத்தது நான், சாப். எங்கள் மலையில் சரிவில் நிற்கும் வண்டிக்குக் கல் வைக்காமல் யாரும் தாண்டிப் போகமாட்டார்கள். பழக்கத்தில் வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன். ஓட்டுநர் மேல் தப்பு இல்லை." கர்னல் கற்களைத் தாளோடு ஓரமாகத் தள்ளினார். "இந்தச் சடங்கே உங்கள் பொறுப்பு அல்லவா?" என்றார். "ஆமாம், சாப்" என்றார் பால்ச்சாமி. நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பரிந்துரைக் கோப்பு என் மேசைக்குத் திரும்பி வந்தது. கையெழுத்துக்கான இடத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில், 'பரிசீலிக்க வேண்டாம்.' நான் துளையிட்டுக் கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவரிடம் போய்ச் சொன்னபோது தொப்பியைக் கழற்றவில்லை. இந்தியிலேயே, "சரி, நீ போகலாம்" என்றார். அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றபோது நாங்கள் ரயில் நிலையம் வரை போய் அனுப்பிவைத்தோம். அவருக்கு யாரும் கயிறு கட்டி இழுக்கவில்லை, சுபேதார் மேஜர்களுக்கு அந்த வழக்கம் இல்லை.

நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது அவர் போடியில் குடியேறி ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுவார். மற்ற வண்டிகளில் முட்டிமோதி ஏறுவார்கள். இவர் வண்டிக்கு மட்டும் வரிசை. "கேப்டன் வந்துட்டாருடி, ஒழுங்கா நில்லுங்க" என்று பேச்சியம்மாள் என்கிற பெண் தினமும் குரல் கொடுப்பாள். தினமும் இவர், "கேப்டன் இல்ல ஆத்தா, சுபேதார் மேஜரு" என்பார். "அது வாயில நொழைய மாட்டேங்குது. கேப்டனே இருந்துட்டுப் போகட்டும்" என்பாள் அவள். ஸ்டாண்டு முழுக்கச் சிரிக்கும். எதிர்ச் சாரியில் என் கடை. எனக்கு ஒவ்வொரு காலையும் அந்தக் கோடு போட்ட தாள் கண்முன் வந்து போகும்.

முதுகுவலி வந்து அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்திய நாளில், ஜீப்பை ஸ்டாண்டுக்கே கொடுப்பதென்று முடிவு செய்தார். சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறவரா அவர்? என் கடையில் உட்கார்ந்து ஒரு பட்டியல் தட்டச்சு செய்யச் சொன்னார். ஸ்டெப்னி ஒன்று, ஜாக்கி ஒன்று, தார்ப்பாய் ஒன்று, அதில் கிழிசல் இரண்டு. கடைசியில், "கல்லு ரெண்டு. பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு" என்றார். குமரேசனை நேராக நிற்கவைத்துக் கையெழுத்து வாங்கி, சாவியைக் கொடுத்து, கை கொடுத்தார். "கல்லுக்குமா சாப் கையெழுத்து? ரோட்டுல கெடக்கு" என்றார் குமரேசன். "ரோட்டுல கெடக்குன்னுதான் எல்லாவனும் வெச்சுட்டு அப்படியே போயிர்றான். பின்னால வர்றவன் வளைவுல திரும்புறப்ப அதுல ஏறிச் சாகுறான். வெச்சவன் எடுக்கணும்" என்றார். மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் அறிந்த விதிதான் அது. அவர் அதை என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார். ஆனாலும் நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அதற்கு முன்பே ஒரு நாள் அவர் அதை என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார். அவரோடு முன்னால் உட்கார்ந்து மெட்டு ஏறிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் எஞ்சின் சூடாகி, தண்ணீர் ஊற்ற ஓரங்கட்டினார். நான் இறங்கி, வழக்கம்போல் பெரிய கல்லை வைத்து, சின்னக் கல்லைச் செருகி, காலால் மிதித்தேன். நிமிர்ந்தால் அவர் தண்ணீர்க் குடத்தோடு நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அன்னைக்கும் இப்படித்தான் மிதிச்சியா மாப்ளே?" என்றார்.

நான் கல்லிலிருந்து காலை எடுத்தேன்.

"மேச மேல ரெண்டு கல்லு இருந்துச்சு. ஜோசப்பு பூப்பாறைக்காரன், ஒத்தக் கல்லுதான் வெப்பான். அவன் அதை எடுத்துச் செவத்தோரம் போட்டதை நான் பாத்தேன். அடியில சின்னக் கல்லைச் செருகுறது நம்ம போடிப் பயலுக தினுசு. அந்த வழியா வந்த போடிக்காரன் நீ ஒருத்தன்."

"தெரிஞ்சேவா சாப் சொன்னீங்க?"

"ஒன்னைச் சொன்னா ஒன் சோலி போச்சு. பேசாம இருந்தா அவன் சோலி போச்சு. எனக்குச் சோலி முடியப்போற நேரம். அதுல என்ன பெரிய கணக்கு." குடத்தைக் கவிழ்த்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா ஜோசப்பு, தான் வெச்ச கல்லுன்னே இன்னமும் நெனைக்கிறான். தன்னாலதான் எனக்குக் கேப்டன் போச்சுன்னு வருசா வருசம் ஏலக்கா கொண்டாறான். வாங்கவே கூச்சமா இருக்கு. நான் சொன்னா ஒன்னைக் கோள் சொன்ன மாதிரி ஆயிரும். நீயே சொல்லிரு."

சொல்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஜோசப் ஏலக்காய் விற்கப் போடிக்கு வரும்போதெல்லாம் என் கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுத்தான் போவார். முதல் தடவை அவர் அவசரத்தில் இருந்தார். அடுத்த தடவை மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார், அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? பிறகு மழை, பிறகு அவருக்குக் கண் ஆபரேஷன். சாக்குக்கா பஞ்சம்? பால்ச்சாமி என்னைப் பார்க்கும்போது ஒரே வார்த்தைதான் கேட்பார். "சொல்லியாச்சா?" இன்னும் இல்லை சாப் என்பேன். "சரி" என்பார். திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம் ஒரு மத்தியானம் தேனி ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போனேன். பாதியாக இளைத்திருந்தார். மதினி வெந்நீர் வாங்க வெளியே போனதும் கேட்டார்: "சொல்லியாச்சா?"

"சொல்லிட்டேன் சாப்" என்றேன்.

நான் படையிலிருந்த காலமெல்லாம் ஒரு பொய்த் தாளில் கையெழுத்துப் போட்டவனில்லை. அது வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அவர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். "என்ன சொன்னான்?" என்றார். பொய் சொன்னவன் பாதியில் நிற்க முடியுமா? "சிரிச்சான் சாப்" என்றேன். அவரும் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மதினி வெந்நீரோடு வந்ததும் நான் எழுந்து வந்து பஸ் ஏறினேன்.

அடக்கத்தன்று அவர் தெருவில் கூட்டம் நிறைந்திருந்தது. தோட்டத்துப் பெண்கள் அன்று வேலைக்குப் போகவில்லை. நான் அடித்த போஸ்டருக்குப் பக்கத்திலேயே அவர்களாகச் சேர்ந்து ஒரு பிளக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் 'எங்க கேப்டன்' என்று இருந்தது. உடலை அவர் ஓட்டிய ஜீப்பிலேயே கொண்டுபோவதென்று ஸ்டாண்டுக்காரர்கள் ஏற்பாடு. சங்கத்து ஆட்கள் கயிறு கொண்டுவந்திருந்தார்கள். கர்னலுக்கு மட்டும்தானா இழுப்பது, மெயின் ரோடு வரைக்கும் நாமே இழுப்போம் என்றார்கள். பூப்பாறையிலிருந்து காலையிலேயே வந்துவிட்ட ஜோசப், யாரும் கேட்காமலே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

அந்தத் தெரு சரிவு. வண்டி வந்து நின்றபோது கல் வைத்தது நான்தான், வேறு யார் வைப்பார்கள்? எல்லோரும் கயிற்றைப் பிடித்ததும் ஜோசப் வெளியே தலையை நீட்டி, "கல்லு?" என்றார். நான் குனிந்து பெரியதையும் சின்னதையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கம் போனேன்.

"ஜோசப்பு, அன்னைக்கு வெச்சதும் நான்தான்."

அவர் என் கையிலிருந்த கற்களைப் பார்த்தார். இரண்டு கல். பிறகு என்னைப் பார்த்தார். இழுக்கலாமா என்று முன்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "கல்லை ஓரமாப் போடு பாய். வண்டி போகணும்" என்றார். நான் ஓரமாகப் போட்டேன். ஜீப் ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது. பேச்சியம்மாள் கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை வந்தாள்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது சுடுகாட்டுப் பாதையில் இருக்கிற டீக்கடையில் ஜோசப் உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார். நான் நடந்ததை முதலிலிருந்து, தண்ணீர் குடிக்க அவர் போன இடத்திலிருந்து, ஒன்று விடாமல் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய்க்கு வந்தபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பத்து நாளைக்கு முன்னால சாப் எனக்குப் போன் போட்டாரு. 'சுலைமானு ஒன்கிட்ட சொல்லிட்டானாமே, நீ சிரிச்சியாமே'ன்னு கேட்டாரு. எந்தா விஷயம்னு எனக்கு மனசிலாகல. ஒடம்பு முடியாத மனுசன்கிட்ட எதிர்க்கேள்வி எதுக்குன்னு, ஆமா சாப், சிரிச்சேன்னேன். சந்தோசமா வெச்சுட்டாரு." டீயை ஒரு மடக்குக் குடித்தார். "இப்பத்தான் தெரியுது, எதுக்குச் சிரிச்சேன்னு."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் அழுதுவிடக் கூடாது என்று மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடம் தன் தலையில் சுமந்ததை ஒரு டீ நேரத்தில் இறக்கி வைக்கச் சொன்னால் யாருக்குத்தான் முடியும்? எழுந்திருக்கும்போது, "சீசனுக்கு மதினி வீட்டுக்கு ஏலக்கா வரும். ஒனக்கு வராது, கேட்டியா?" என்றார். வேண்டாம் என்றேன்.

அவருடைய ஜீப் இப்போதும் ஸ்டாண்டில் ஓடுகிறது. அந்த இரண்டு கல்லையும் குமரேசன் வண்டியில் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டார், கையெழுத்துப் போட்டவராயிற்றே. எனக்கென்று பால்ச்சாமியிடமிருந்து தங்கியது அவருடைய அந்த ஒற்றை வார்த்தைக் கேள்விதான். காலையில் கடை திறந்து எதிரே ஜீப்புகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது அது காதில் விழுகிறது.

ஆகவே, அன்று எங்களோடு கயிறு பிடித்தவர்களும், வரிசையில் நின்று பார்த்தவர்களும், அதன்பிறகு பல காலம் ஜோசப்பைக் கேலி செய்தவர்களும் அறியவேண்டியது: கல் ஓட்டுநர் ஜோசப் வைத்ததல்ல. சுபேதார் மேஜர் பால்ச்சாமி வைத்ததும் அல்ல. கிளார்க் சுலைமான் வைத்தது.

சொல்லியாச்சு, சாப்.